தலை தட்டிய உப்பு

எங்கள் தெருவில் அவளுக்குக் கரண்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான். அவள் என் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு மதினி. சொந்தப் பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. அதைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. மதினி என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து ஆமத்தூருக்கு வாக்கப்பட்டு வந்தாள். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. பருத்தியும் மிளகாயும் போடுவோம். அண்ணன் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் வேலையாக இருந்தான். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, அண்ணன், நான், அவ்வளவுதான். எனக்கும் மதினிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், அவள் மூத்தவள். அவள் வரும்வரை அந்த அடுப்படி என் ராஜ்யமாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பண்ணின அழிச்சாட்டியத்துக்குக் காரணம் புரியாது.

வந்த மறுநாள் காலையில் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே நாலு பித்தளைக் கரண்டிகள். சின்னதில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் பிடிக்கும். பெரியதில் ஒரு நெல்லிக்காய் அளவு பிடிக்கும். ஒவ்வொன்றின் காம்பிலும் அரத்தால் கோடு கீறியிருந்தது. சின்னதுக்கு ஒரு கோடு, அடுத்ததுக்கு இரண்டு, இப்படி நாலு வரைக்கும். கூடவே ஒரு சாண் நீளத்துக்கு மழமழவென்று சீவிய மூங்கில் பட்டை. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மருந்து அள்ளின கரண்டியோ என்று கேட்டாள். மதினி சிரித்தாள். கம்பெனிக் கரண்டியைக் கம்பெனி வாசலைத் தாண்ட விடமாட்டார்கள், இது விருதுநகரில் பித்தளை வேலை செய்கிற ஆசாரியிடம் அளவு சொல்லிப் புதிதாகச் செய்தது, மருந்து வாடையே படாதது என்றாள். அப்படியும் அம்மா புளி போட்டு இரண்டு தடவை விளக்கின பிறகுதான் அடுப்படியில் சேர்த்தாள்.

அன்று அவள் உப்புப் போட்ட அழகு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நாலு கோட்டுக் கரண்டியைச் சாடிக்குள் விட்டு அள்ளினாள். மூங்கில் பட்டையைக் கரண்டி விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு. மேலே கும்பாக நின்ற உப்பெல்லாம் சாடிக்குள்ளேயே விழுந்தது. கரண்டியில் மிஞ்சினதைக் குழம்பில் கொட்டினாள். இன்னொரு தடவை அள்ளி, இழுத்து, கொட்டினாள். அப்புறம் இரண்டு கோட்டுக் கரண்டியில் ஒன்று. மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் இதே சடங்கு. நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குழம்புக்கு உப்புப் போட ஆசாரியும் அரமும் மூங்கிலும் வேண்டுமா? கை எதற்கு இருக்கிறது?

கேட்டேவிட்டேன். அவள் அசரவில்லை.

“அரிசிய உழக்குல அளக்குறோம்ல. பருப்ப ஆழாக்குல அளக்குறோம். உப்ப மட்டும் எதுக்குக் கையால அள்ளணும்?”

கை ருசி என்று ஒன்று இருக்கிறது என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு மூன்று வாழையிலைத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டாள். அம்மாவை ஒரு கை உப்பு அள்ளி வைக்கச் சொன்னாள். என்னை ஒரு கை வைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா உறைமோர் கேட்டு வந்திருந்தாள், அவளையும் விடவில்லை. மூன்று குவியலையும் கரண்டியால் அளந்து காட்டினாள். அம்மா கை மூன்று கரண்டி, என் கை இரண்டு, பெரியம்மா கை நாலுக்கும் மேல். இன்னொரு தரம் அள்ளச் சொன்னாள். இந்தத் தடவை என் கையே மூன்றாகிவிட்டது. பெரியம்மா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உறைமோரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம்தான் கரண்டிக்காரி என்று தெருவில் கிளப்பிவிட்டேன்.

தலை தட்டுவது என்பது அவள் வாயில் ஓயாத சொல். கரண்டியில் கும்பாக நிற்பதை விளிம்போடு வழித்துவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். கம்பெனியில் ஒரு குழாய்க்கு ஒரு கரண்டி மருந்து என்றால் தலை தட்டின கரண்டிதானாம். கும்பாகப் போட்டால் கையிலேயே வெடிக்கும், குறைத்துப் போட்டால் புஸ்ஸென்று போய்விடும் என்பாள். பருப்புக் குழம்பு எப்படி மதினி வெடிக்கும் என்று நான் வம்பிழுப்பேன். உன் அண்ணன் வாயில் வெடிக்கும் என்பாள்.

தாளிக்கும்போது எண்ணுவாள். கடுகு வெடித்து ஓய்ந்ததும் உளுந்தைப் போட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள். உளுந்துக்குப் பதினைந்து, வெந்தயத்துக்கு எட்டு, பூண்டுக்கு முப்பது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். வீடு தீப்பிடித்தாலும் முப்பது எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள் போலிருக்கும். பெரியம்மா கொஞ்ச நாள் அது ஏதோ மந்திரம் என்றே நினைத்திருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. அவள் சமைக்கும்போது ருசி பார்க்கவே மாட்டாள். நாங்களெல்லாம் கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத்தான் இறக்குவோம். அவள் அளந்து போடுவாள், எண்ணுவாள், இறக்கி மூடிவிடுவாள். அம்மாவுக்கு இதில் பெருமை தாங்காது. கிணற்றடியில், கோயில் வாசலில், பஸ்சுக்கு நிற்கிற இடத்தில், எங்கே நாலு பேரைப் பார்த்தாலும் ஆரம்பித்துவிடுவாள்.

“எம் மருமக எச்சி பண்ணாமச் சமைப்பா. சாமிக்குப் படைக்கிற மாதிரி.”

எனக்கு வயிறு எரியும். நான் எச்சில் பண்ணியா உங்களுக்கு இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன் என்று சண்டைக்குப் போவேன். அம்மா காதிலேயே வாங்கமாட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வைத்த குழம்பு நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும். ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். என் சமையல் ஒரு நாள் அமிர்தம், மறுநாள் வாயில் வைக்க விளங்காது. அண்ணன் முதல் வாய் எடுத்ததுமே, இன்றைக்கு நீயா என்று என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

தெருவும் மெல்ல மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. கரண்டிக்காரி என்று சிரித்தவர்களே தீபாவளிக்கு முறுக்கு சுடக் கரண்டி கேட்டு வந்தார்கள். பெரியம்மா வாங்கிப்போன அன்று முறுக்கு எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து கரைந்துபோய்விட்டது. கரண்டியில் கோளாறு என்று வாசலில் நின்று ஒரே சத்தம். மதினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், மாவைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வெண்ணெய்க்குத் தலை தட்டுனீகளா?”

பெரியம்மா முந்தானையைச் சரிசெய்தாள். கொஞ்சம் கூட இருந்தால் மொறுமொறுவென்று வருமே என்று கும்பாகப் போட்டேன் என்றாள். அந்த ஈடு மாவை அப்படியே அப்பளம் மாதிரி தட்டி அடையாகச் சுட்டுக்கொடுத்துவிட்டுத்தான் மதினி வீடு திரும்பினாள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. இவள் ஒரு தடவையாவது தப்பவேண்டும், முகம் சுளிக்கவேண்டும், அதைப் பார்த்து நான் சிரிக்கவேண்டும். அந்தத் தீபாவளி முடிந்து ஒரு மத்தியானம் இருவருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டேன். அவள் தம்ளரில் உப்பைப் போட்டேன். இரண்டு கோட்டுக் கரண்டியில் ஒன்று, அதையும் தலை தட்டித்தான் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊதி ஊதிக் குடித்தாள். பாதி தம்ளர் காலியானது. நல்ல சூடு, நல்லா இருக்கு என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவளை உற்றுப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னத்தப் போட்ட?”

“உப்பு.”

என் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். அம்மா களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், காது கேட்கிற தூரத்தில் இல்லை. அப்படியும் மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு வாசமும் தெரியாது, ருசியும் தெரியாது. கல்யாணத்துக்கு ஒரு வருசத்துக்கு முந்தியே போயிருச்சு. ஒங்க வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, கொறைய மறச்சுக் கட்டிக் குடுத்துட்டாகன்னு வரும். எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிக நிக்கிறாளுக.”

கம்பெனியில் ஒரு நாள் மருந்துக் கொட்டகை புகைந்ததாம். யாருக்கும் காயமில்லை, எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் சளியும் காய்ச்சலுமாக ஒரு மாதம் பாயில் கிடப்பு. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது மண்ணைக் கரைத்துக் குடிப்பதுபோல இருந்ததாம். புகையா, காய்ச்சலா, எதனால் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணம் பேசத் தொடங்கினதும் அவள் அம்மா அழுதிருக்கிறாள், ருசி தெரியாதவளை யார் வீட்டு அடுப்படியில் விடுவது என்று. இவள்தான் கரண்டி யோசனையைப் பிடித்தாள். ஆசாரியிடம் நாலு கரண்டி செய்து வாங்கி, ஆறு மாதம் தினமும் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சமைத்தாள். ஒரு கரண்டி கூட்டி, ஒரு கரண்டி குறைத்து, அம்மா தலையாட்டினதும் அந்தக் கணக்கை மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். குழம்புக்கு இத்தனை, ரசத்துக்கு இத்தனை, பத்துப் பேருக்கு இத்தனை, முப்பது பேருக்கு இத்தனை.

“எங்கம்மா நாக்கத்தான் இந்தக் கரண்டியில அளந்து கொண்டாந்திருக்கேன்” என்றாள்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், கரண்டிக்காரி என்று பெயர் வைத்த பாவம் ஒரு பக்கம். உப்புக் காப்பி குடித்தவள்தான் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் அவள் கட்சி. பால் அடிப்பிடிக்கிற வாடை வந்தால் எங்கிருந்தாலும் இருமுவேன், அவள் ஓடிப்போய் இறக்கிவிடுவாள். ஊரில் எனக்குச் சீக்கு என்றே பேச்சு வந்துவிட்டது. குழம்பை நான் ருசி பார்த்துச் சொல்கிறேனே என்றும் கேட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. நீ நாளைக்கு வாக்கப்பட்டுப் போய்விடுவாய், போகும்போது நாக்கை வெட்டி வைத்துவிட்டா போவாய் என்று கேட்டாள். கரண்டி இருக்கிறது, அது போதும் என்றாள். உண்மையில் அது போதுமாகத்தான் இருந்தது, என் நிச்சயதார்த்தம் வரைக்கும்.

அவள் வந்து மூன்றாவது வருஷம் எனக்கு அச்சங்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். தண்ணீர் வேண்டுமானால் குடிப்பார்கள். சம்பந்தம் முடிவானால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டார்கள் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கை நனைக்கிற நாள் வந்தது. முப்பது பேர் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். முப்பது பேர் கணக்கும் என்னிடம் இருக்கிறது என்று மதினி கரண்டியை விளக்கி வெயிலில் காயவைத்தாள்.

அன்று காலையில் அம்மா உரலில் எதையோ இடிக்கிற சத்தம் கேட்டது. அரிசிமாவு என்று நினைத்தேன். உப்பை இடித்திருக்கிறாள். சம்பந்திகள் இலையில் முதலில் வைக்கிறது உப்பு, அது கல்லும் கட்டியுமாகக் கிடந்தால் மரியாதையாக இருக்காது என்று பூப்போல இடித்துச் சலித்திருக்கிறாள். இலைக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சினதை உப்புச் சாடியிலேயே கொட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் அதுவரை கல்லுப்புத் தவிர வேறு உப்பு கிடையாது. கல்லுப்பில் ஒரு கரண்டி அள்ளினால் நடுவிலே சந்து சந்தாக இருக்கும். தூளில் அள்ளினால் சந்தே இல்லாமல் அடைந்துகொள்ளும். அதே கரண்டி, அதே தலை தட்டு, ஆனால் உப்பு இரண்டு பங்கு.

மதினி பார்க்காமல் இல்லை. சாடியில் தூளாக இருக்கிறதே என்று பார்த்தாளாம். உப்பு உப்புதானே என்று அளந்து போட்டுவிட்டாள். கம்பெனியில் மருந்து எப்போதும் ஒரே சல்லடையில் சலித்துத்தான் வரும். கட்டியா தூளா என்று யோசிக்கிற வேலையே அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

நான் பட்டுச்சேலையில் உள்ளறையில் கிடந்தேன். கதவிடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை. அண்ணன் தண்ணீர்ச் செம்போடு நின்றான். அம்மா மோர்ப்பானையைத் தூக்கி வந்துகொண்டிருந்தாள். மதினி குழம்பை ஊற்றி முடித்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றாள். மாப்பிள்ளையின் தாய்மாமா முதல் வாயைப் போட்டார். மென்றது நின்றுவிட்டது. செம்பை எடுத்து மடக்மடக்கென்று குடித்தார். பக்கத்திலிருந்தவர் இலையிலேயே கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். முப்பது இலையிலும் கை நின்றுபோனது.

மாப்பிள்ளையின் அம்மாதான் வாயைத் திறந்தாள். குழம்பு வாளியிலிருந்து அகப்பையில் கொஞ்சம் எடுத்து மதினியைப் பார்த்து நீட்டினாள்.

“நீதான சமைச்சது? இங்கன வா தாயி. இத வாயில விட்டு, என்னன்னு நீயே சொல்லு.”

மதினி வந்தாள். அகப்பையை வாங்கினாள். எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். உப்பு கரிக்கிறதா, புளிக்கிறதா, தீய்ந்துவிட்டதா, எந்த முகத்திலும் அது எழுதியிருக்கவில்லை. மாற்றிச் சொன்னால் அங்கேயே தெரிந்துபோகும். மூன்று வருஷமாக மூடி வைத்ததெல்லாம் என் மாமியாராகப் போகிறவள் முன்னாலேயே உடையும். அவள் தங்கச்சிகளுக்கு அப்போதுதான் ஒரு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அகப்பையை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள்.

எனக்கு அந்த உரல் சத்தம் ஞாபகம் வந்தது. காலையில் தண்ணீர் குடிக்கப் போனபோது சாடியில் பூப்போலக் கிடந்ததும் ஞாபகம் வந்தது. என் கல்யாணம் என்ன ஆகும் என்று நினைக்கக்கூட நேரமில்லை. கதவைத் திறந்துகொண்டு பட்டுச்சேலையோடு பந்தி நடுவில் போய் நின்றேன்.

“உப்பு நான் போட்டேன். மதினி போட்டது தெரியாம மறுக்காவும் போட்டுட்டேன்.”

நான் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரலும் அதையே சொல்லியது. மோர்ப்பானையோடு அம்மா.

“நாந்தான் போட்டேன் சம்பந்தி. அவ போட்டது தெரியாமப் போட்டுட்டேன்” என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது அண்ணன் தொண்டையைக் கனைத்தான். அடுப்படிப் பக்கம் தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடப் போகாதவன்.

“நானும் கொஞ்சம் போட்டேன்” என்றான்.

பிறகு அந்தத் தாய்மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இந்த வீட்ல உப்புப் போடாத ஆளு யாருப்பா?”

பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், மதினி கையிலிருந்த அகப்பையை வாங்கி வாளியில் போட்டாள். கை நனைத்தாகிவிட்டது, இனி எழுந்திருக்க முடியாது, மோரைக் கொண்டாருங்கள் என்றாள். ரசமும் உப்பு, பொரியலும் உப்பு. மோரும் பாயசமும்தான் தப்பித்தன. பாயசத்தை ஆளுக்கு மூன்று தடவை வாங்கிக் குடித்துவிட்டு, தேதி குறித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு என் புகுந்த வீட்டில் உப்புக் குடும்பம் என்று பெயர் நிலைத்தது. நான் ஒரு பெயர் வைத்தேன், எனக்கு ஒரு பெயர் கிடைத்தது, கணக்குச் சரி.

அவர்கள் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் மதினி அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும் அத்தை?”

வந்த இரண்டாவது மாதமே தெரியும் என்றாள் அம்மா. பால் அடிப்பிடித்துத் தெருவே நாறினபோது மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கே அம்மா யோசித்து, எச்சில் பண்ணாமல் சமைப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள், ஏன் ருசி பார்க்கவில்லை என்று ஒருத்தியும் கேட்கக்கூடாது என்று. அண்ணனுக்கு முதல் மாதமே தெரியுமாம். சாத்தூரிலிருந்து வாங்கிவந்த சேவு காறிப்போயிருந்தது, அவன் ஒன்றைத் தின்றுவிட்டுத் துப்பப்போனான், அதற்குள் இவள் பொட்டலம் முழுவதையும் தின்று தீர்த்திருந்தாள். ஆக, தெரியாதவர் ஒருவருமில்லை. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் மற்றவர்களிடமிருந்து மறைத்திருக்கிறோம். கடைசியாகத் தெரிந்துகொண்ட மடச்சி நான்தான்.

மதினிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“மூணு வருசமா ஒளிச்சு ஒளிச்சு எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. ஒருத்தராச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சொன்னா நீ ரோசப்பட்டுக்கிட்டு ஒங்க ஊருக்குப் போயிருவியோன்னு எனக்குப் பயம் தாயி.”

மதினி அழுதாள். அம்மாவும் அழுதாள். நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப்போவதாகச் சொல்லி நழுவினான்.

அழுது முடித்ததும் அவள் செய்த முதல் காரியம், கல்லுப்பில் ஒரு கரண்டி தலை தட்டி எடுத்து உரலில் போட்டு இடித்து, அந்தத் தூளை மறுபடி அதே கரண்டியில் அளந்தது. பாதிக்குச் சற்று மேலே நின்றது. இம்புட்டுத்தானா என்று கரண்டியையே முறைத்துப் பார்த்தாள். தூளுப்புக்குத் தனிச் சாடி போட்டாள். அரத்தை வாங்கி மறுநாளே தூளுப்புக்கு என்று கரண்டியின் உட்பக்கத்தில் ஒரு கோடு கீறிக்கொண்டாள். இன்றைக்கு என் மருமகள் கடையில் வாங்கி வைத்திருக்கிற அளவுக் கரண்டிக் கொத்தில் எண்ணெல்லாம் போட்டிருக்கிறது, இப்படி ஒரு கோடு கிடையாது.

மறுநாள் காலைச் சமையலும் அவள்தான். வழக்கம்போல அள்ளினாள், தலை தட்டினாள், கொட்டினாள், வெந்தயத்துக்கு எட்டு எண்ணினாள். அண்ணன் விருதுநகர் பஸ்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். இறக்கப்போகிற நேரத்தில் அகப்பையில் கொஞ்சம் குழம்பு மொண்டு, ஊதி ஆற்றி, அம்மா பக்கம் நீட்டினாள்.

“அத்தை, உப்புப் பாருங்க.”

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை அந்த வீட்டில் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். நானும் நீட்டினேன். வாசல் வரை போன அண்ணனும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கையை நீட்டினான். மூன்று உள்ளங்கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தாள்.

“சரியா இருக்கு தாயி” என்றாள் அம்மா.

மதினி மூங்கில் பட்டையைத் துடைத்து அதன் இடத்தில் செருகினாள்.

“சரியாத்தான் இருக்கும். தலை தட்டித்தான போட்டேன். சும்மா கேட்டேன்.”